நாற்பத்தோராம் பக்கம்

இன்று காலை என் கைத்தொலைபேசியில் ஒரு பச்சைச் சரி அடையாளம் விழுந்தது. அதனால்தான் உமக்கு இதை எழுதுகிறேன்.

நான் இப்போது வவுனியாவில் நீரிறைக்கும் மோட்டர் விற்கும் ஒரு கொம்பனியில் வேலை செய்கிறேன். திருத்த வேலைகளுக்குப் பொறுப்பு. மன்னார், திருகோணமலை, அனுராதபுரம் என்று பல ஊர்களில் கிளைகள் உண்டு. எல்லாக் கிளை மெக்கானிக்மாரும் ஒருவரை ஒருவர் கேட்டுப் படிக்கட்டும் என்று கொழும்புத் தலைமையகம் தொலைபேசியில் ஒரு கேள்வி-பதில் தளம் செய்து தந்திருக்கிறது. வேலையில் தடக்குப்பட்டவர் அதில் கேள்வி போடலாம். தெரிந்தவர் பதில் போடலாம். அதே சந்தேகம் உள்ளவர்கள் கேள்விக்குப் பக்கத்திலுள்ள அம்பை அழுத்தலாம். பதில் வேலை செய்தால், கேட்டவர் பச்சைச் சரி போடுவார். இதை விளக்குவதற்கு ஒரு பிள்ளை கொழும்பிலிருந்து வந்து, சுவரில் படம் காட்டி, “இலங்கையிலேயே முதல் தடவையாக” என்று தொடங்கினா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் தடவையாம்! எண்பது பக்கக் கொப்பியையும் ஒரு சிவப்புப் பேனையையும் வைத்துக்கொண்டு கிளிநொச்சியில் நீர் நடத்தியது என்னவாம் என்று எழும்பிக் கேட்கப் பார்த்தேன். கேட்கவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது. தேநீர் இடைவேளைக்கு முன்பே எழும்பி வெளியே போய்விட்டேன்.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் சனம் நாட்கணக்காக வரிசையில் நிற்கும் காலம் இது. முந்தநாள் மன்னார்க் கிளையிலிருந்து ஒருவர் அந்தத் தளத்தில் கேட்டிருந்தார்: “பெற்றோல் ஒரு சொட்டும் இல்லை. பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற மோட்டரை, மண்ணெண்ணெயை மட்டும் வைத்து எப்படித் தொடக்குவது? தோட்டம் காயுது.” அதற்குப் பக்கத்தில் பதினெட்டுப் பேர் அம்பை அழுத்தியிருந்தார்கள்.

அது உம்முடைய கேள்வி ஐசே, நீர் என்னைக் கூப்பிட்ட அதே ‘ஐசே’. சொல்லுக்குச் சொல் உம்முடைய கேள்வி. பிறகு பதிலை எழுதினேன். நாலு நிமிஷம்தான் எடுத்தது. அந்தக் காலத்தில் உமக்கு நான் நாலு வருஷமாக எழுதாமல் வைத்திருந்த பதில் அது.

மன்னார்க்காரர் இன்று காலை சரி போட்டுவிட்டார். கீழே, “அண்ணை, ரெண்டாம் இழுவையிலேயே பத்தீட்டுது, நீங்கள் நல்லா இருக்கோணும்” என்றும் எழுதியிருந்தார். அந்த வாழ்த்தை வாங்கி வைக்க எனக்கு இடமில்லை.

கிளிநொச்சியில் எங்கள் தண்ணீர்த் திட்ட அலுவலகம் உமக்கு நினைவிருக்கும். சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணம் போகும் பாதை திறந்து ஒரு வருஷம் இருக்கும். அந்த ஏ-ஒன்பது வீதி முழுக்கப் புதுத் தகரமும் புதுச் சீமெந்தும். ஒவ்வொரு திங்களும் மெக்கானிக்மார் எட்டொன்பது பேர் மோட்டார் சைக்கிள்களில் வந்து, ஸ்டோர் யன்னலில் சாமான் வாங்கிக்கொண்டு மல்லாவி, துணுக்காய், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு என்று பிரிந்து போவோம். அந்த யன்னலுக்கு உள்ளே இருந்த ஸ்டோர் கீப்பர் நீர். வாஷர், பிளக், குழாய் மூட்டு எல்லாம் உம்முடைய கையால்தான் வரும். கூடவே ஆளாளுக்கு உம்மிடம் கேள்வியும் கேட்போம். மல்லாவிப் பம்பில் நான் பட்ட பாட்டை முள்ளியவளையில் இன்னொருவன் அடுத்த கிழமை முதலிலிருந்து படுவான். இரண்டு பேருடைய கதையும் உமக்குத் தெரியும். எங்களுக்கு ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாது.

ஒரு திங்கள் நீர் வெடித்தீர். “ஐசே, என்ர வாய் என்ன ஒலிபெருக்கியே? ஒரே கதையை எட்டுப் பேருக்குச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வத்துது.”

அடுத்த திங்கள் ஸ்டோர்க் கதவில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு கொப்பி. கொப்பியில் நூல் கட்டிய ஒரு சிவப்புப் பேனை. ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் பிரித்து, இடப்புறம் கேள்விக்கு, வலப்புறம் பதிலுக்கு. முன்மட்டையின் உட்பக்கம் உம்முடைய சட்டங்கள். கேள்விக்குப் பெயர் வேண்டாம், பதிலுக்குப் பெயர் கட்டாயம். அதே சந்தேகம் உமக்கும் இருந்தால் கேள்விக்குக் கீழே ஒரு கோடு போடும். பதிலுக்குப் பக்கத்தில் ‘செய்து பார்த்தது’ அல்லது ‘கேள்விப்பட்டது’ என்று உண்மையைச் சொல்லும். பிழையான பதிலை வெட்டவும் கூடாது, கிழிக்கவும் கூடாது, அடியில் திருத்தம் எழுத வேண்டும். பதில் வேலை செய்தால் சிவப்புப் பேனையால் சரி போட வேண்டும், அதைக் கேள்வி கேட்டவர் மட்டுமே போடலாம்.

“கேள்விக்கு ஏன் பெயர் வேண்டாம்?” என்று நான் கேட்டேன்.

“பெயர் போடச் சொன்னா உம்மைப் போலப் பெரிய மனிசர் ஒருத்தரும் கேக்க மாட்டினம்” என்றீர்.

முதல் கிழமை ஒருவனும் எழுதவில்லை. இந்தப் பொம்பிளை பள்ளிக்கூடம் நடத்துகிறா என்று பின்னால் நின்று பகிடி பண்ணினோம். அதிகம் பண்ணியவன் நான்தான். அப்போது நீரே ஒரு கேள்வியை எழுதிவிட்டீர்: “தோல் வாஷரில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும்?” எங்கள் தொழிலில் அது அரிவரிக் கேள்வி. ஆனால் மத்தியானத்துக்குள் அதற்குக் கீழே மூன்று கோடுகள் விழுந்திருந்தன. வருஷக்கணக்காகப் பம்பு பூட்டியவர்களில் மூன்று பேருக்கு அது தெரியாது! ஆர் ஆர் என்று நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தோம். மூன்றாவது கோடு என்னுடையது. இதை உமக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கொப்பி ஓடத் தொடங்கிவிட்டது. ராசையா அண்ணைதான் அதில் ராசா. கலவரத்தில் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, கிளிநொச்சியில் குடியேறி, கிணறு வெட்டியே காலம் போக்கிய மனிதர். எழுத்து வராது. ‘எழுதிக்கங்க தங்கச்சி’ என்று அவர் சொல்லச் சொல்ல நீர் எழுதுவீர். கையெழுத்துக்குப் பதிலாக அவர் ஒரு சின்ன வாளி கீறுவார். அந்த வாளி இருக்கும் பதிலுக்குச் சிவப்புச் சரி விழாமல் இருந்ததே இல்லை. எங்களுக்கெல்லாம் பொறாமை.

எனக்கு இரண்டு தலைக்கனம் இருந்தது. ஒன்று, எஞ்சின் என்றால் நான் என்பது. மற்றது, அதை நீர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்த வருஷக் கடைசியை நினைக்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் கிணறெல்லாம் உப்பு. கொப்பியில் கேள்வி வந்தது: “கடல் புகுந்த கிணற்றை எப்படித் துப்புரவாக்குவது?” கீழே கோட்டுக்கு மேல் கோடு. நான் முந்திக்கொண்டு எழுதினேன்: “பெரிய மோட்டர் வைத்து அடிவரை இறைத்துக் கொட்டவேண்டும்.” பக்கத்தில், கூசாமல், ‘செய்து பார்த்தது’ என்றும் போட்டேன். செய்து பார்க்கவில்லை. நீர் வாசிப்பீர் என்பதுதான் என் மனதில் இருந்தது.

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் என் பதிலை நம்பி முல்லைத்தீவில் நாலு கிணறுகளை அடிவரை இறைத்தார்கள். நாலும் முன்னையைவிட உப்பாகிவிட்டன. ராசையா அண்ணை போய்ப் பார்த்துவிட்டு வந்து, எல்லோரும் நிற்க ஸ்டோர் வாசலில் சொன்னார். “அப்பிடி எல்லாம் எறைக்கக் கூடாதுங்க தம்பி. மணல்ல நல்ல தண்ணி மேல மெதந்துகிட்டு நிக்கும், கீழ பூரா உப்பு. ஒரேயடியா இழுத்தா உப்பு மேல ஏறிக்கும். கொஞ்சம் கொஞ்சமா எறைச்சு மழைக்கு விட்டுறணும்.”

நீர் கொப்பியை என்னிடம் நீட்டினீர். சட்டம் சட்டம்தான். “நான் எழுதியது பிழை. செய்து பார்க்கவில்லை” என்று என் பெயரோடு எழுதிக் கொடுத்தேன். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் நீர் பென்சிலால் சின்னதாக ‘நன்றி’ என்று எழுதியதை ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கண்டேன். அதற்குள் நான் முறுக்கிக்கொண்டுவிட்டேன். இனி இந்தக் கொப்பியில் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன் என்று மனதுக்குள் சபதம்.

என்னிடம் ஒரு வித்தை இருந்தது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், வெறும் மண்ணெண்ணெயில் மோட்டரைத் தொடக்கக் கற்றுக்கொண்டேன். தானாகப் பிடித்துக்கொண்டது, ஆரும் சொல்லித் தரவில்லை. பாதை திறந்து பெற்றோல் வந்தபிறகு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இடைக்கிடை பெற்றோல் முடியும். அப்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய், சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, “ஓடிப்போய் ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்கோ” என்று கலைப்பேன். அவர்கள் திரும்பி வரும்போது மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும். சனம் என்னைச் சாமியாரைப் பார்ப்பது போலப் பார்க்கும். எனக்கு அது பிடிக்கும்.

நாற்பத்தோராம் பக்கத்தில் நீர் அந்தக் கேள்வியை எழுதினீர். பெயரில்லாமல்தான். ஆனால் உம்முடைய எழுத்து எனக்குத் தெரியாதா? “பெற்றோல் ஒரு சொட்டும் இல்லாமல் மண்ணெண்ணெய் மோட்டரைத் தொடக்குவது எப்படி?” ஒரு கிழமைக்குள் எட்டுக் கோடுகள். வலப்புறம் வெள்ளையாகவே கிடந்தது. பதில் தெரிந்தவன் ஒருவன்தான் என்பது எட்டுப் பேருக்கும் தெரியும்.

“எழுதுமன் ஐசே.”

“இப்பதான் பெற்றோல் வருதே. ஆருக்கு வேணும்?”

“ரோட்டு எப்பவும் திறந்திருக்கும் எண்டு உமக்கு ஆர் எழுதித் தந்தது?”

“அடுத்த கிழமை எழுதுறன்.”

அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று எத்தனை திங்கள் போயிற்று! நீர் கொப்பியில் மற்றப் பக்கங்களுக்குப் போனீர். நாற்பத்தோராம் பக்கத்தின் வலப்புறத்தை மட்டும் ஆரையும் தொட விடவில்லை. “அது உம்மட இடம்” என்றீர்.

ஒருநாள் சாமான் கணக்கெடுக்க நீரும் மல்லாவிக்கு வந்திருந்தீர். சந்தைக்குப் பின்னாலிருந்த பொதுக் கிணற்றடியில் மோட்டர் நின்றுபோயிருந்தது, பெற்றோலும் இல்லை. வழக்கம்போல எல்லோரையும் வாளிக்குக் கலைத்தேன். நீர் மட்டும் நகரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றீர். என் பிளாஸ்க்கைக் காட்டி, “முதல்ல அதுக்குள்ள இருக்கிற தேத்தண்ணியில ஒரு வாய் தாரும்” என்றீர்.

“முடிஞ்சுது” என்றேன். அதற்குள் இருந்தது தேத்தண்ணீர் இல்லை, வெந்நீர். வித்தையில் பாதி அந்த வெந்நீர்தான்.

“தண்ணி இறைக்கிற மோட்டரைத் தொடக்க எல்லாரையும் தண்ணிக்குக் கலைக்கிற ஒரே ஆள் நீர்தான். எனக்கு விளங்காதெண்டு நினைக்காதையும். நான் இந்தப் பூவரசுக்குப் பின்னால நிண்டு எட்டிப் பாத்தா முழுக்கத் தெரியும். ஆனா எட்டிப் பாத்து எழுதினா அது களவு. உம்மட பெயரோட, உம்மட கையால வரோணும். நான் போறன், ஐசே. வாளியோட வரேக்க எழுதுறன் எண்டு சொல்லும்.”

சொல்லிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தீர். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உமக்கும் எனக்கும் முப்பத்தொரு வயது. நீர் நடந்துபோன அந்த நூறு யார் தூரத்தில்தான் எனக்கு உம்மில் விருப்பம் என்று நான் எனக்கே ஒத்துக்கொண்டேன். மோட்டர் ஓடியது. நீர் வாளியோடு வந்தீர். நான் எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, மற்றதையும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு, “நல்ல குளிர்” என்றேன். விசரன்.

பிறகு, நீர் சொன்ன மாதிரியே நடந்தது. வவுனியாவில் உதிரிப்பாகம் எடுத்துவர என்னை அனுப்பினார்கள். இரண்டு நாள் வேலை. மாற்றுச் சேட்டு ஒன்றுதான் கொண்டுபோனேன். மூன்றாம் நாள் திரும்பவும் சண்டை என்று பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் நின்று பார்த்துவிட்டு மாமா வீட்டுக்குத் திரும்பினேன். இன்று திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று அந்த ஒரு சேட்டைத் தோய்த்துத் தோய்த்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

உம்முடைய கடிதம் உணவு கொண்டுபோய் வந்த ஒரு லொறிச் சாரதியின் கையில் வந்தது. கொப்பித் தாள், சிவப்பு மை. “இங்கை பெற்றோல் இல்லை. எட்டுக் கோடு இப்ப இருபத்தாறு. நாற்பத்தோராம் பக்கத்தை நிரப்பி அனுப்பும். ராசையா அண்ணை சுகம் கேட்டவர். நானும்.” அவ்வளவுதான். அந்த ‘நானும்’ என்ற சொல்லை நான் எத்தனை நாள் திருப்பித் திருப்பி வாசித்தேன் என்று உமக்குத் தெரியாது.

அதற்கு நான் எழுதிய பதிலைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சாரதி அடுத்தநாள் காலை திரும்பிப் போவதாகச் சொன்னார். மாமா வீட்டு விறாந்தையில் இருந்து வித்தை முழுவதையும் ஒரு தாளில் எழுதினேன். எழுதி முடித்து மடிக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இதை அனுப்பிவிட்டால் பிறகு நான் எதற்கு? இந்த ஒன்று என்னிடம் இருக்கும்வரை, ‘எங்கள் மெக்கானிக்கை உள்ளே விடுங்கள், அவர் இல்லாமல் தண்ணீர் இல்லை’ என்று அலுவலகம் இராணுவத்திடம் பாஸுக்கு எழுதும். பாஸ் வரும். நான் ஓமந்தையைத் தாண்டி உம்மிடம் வருவேன். பதிலை அனுப்பிவிட்டால் என்னை ஆர் கேட்கப் போகிறார்கள்?

அந்தத் தாளைக் கிழித்தேன். வேறு தாளில், “எழுதி விளங்காது. நான் வந்து செய்து காட்டுறன். பாஸ் எடுக்கச் சொல்லும்” என்று எழுதி அனுப்பினேன்.

எழுதி விளங்காதாம்! நாலு நிமிஷத்தில் எழுதி, மன்னாரில் முகம் தெரியாத ஒருவர் இரண்டாம் இழுவையில் மோட்டரைத் தொடக்கியிருக்கிறார்.

உமக்குக் கிட்ட வருவதற்காகத்தான் உமக்குத் தேவையானதைத் தராமல் வைத்திருந்தேன். இதை ஆரிடம் சொல்லி ஆற?

பாஸ் வரவில்லை. தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறியபோது எங்கள் அலுவலகத்தையும் பூட்டினார்கள். பிறகு செய்தி வருவதும் நின்றது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு என்று சனம் கிழக்கே கிழக்கே போவதை வானொலியில் கேட்டுக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு ஊர்ப் பெயரும் சொல்லும்போது அந்த ஊரில் நாங்கள் பூட்டிய பம்புதான் முன்னுக்கு வரும். அந்தப் பம்படியில் நீர் தண்ணீர் குடிப்பீர் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன்.

சண்டை எல்லாம் முடிந்தபிறகு, வவுனியாவுக்குப் பக்கத்து முகாமில், முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் ராசையா அண்ணையைக் கண்டேன். அரைவாசியாகியிருந்தார். என்னைக் கண்டதும் அழவில்லை. கூடாரத்துக்குள் போய்ப் பொலித்தீனில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து, கம்பிக்கு இடையால் நீட்டினார். “தங்கச்சி ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லல தம்பி. சொல்றதுக்கு நேரமில்ல. நானாத்தான் கொண்டாந்தேன்” என்றார். உள்ளே உம்முடைய கொப்பி, நூலோடு பேனையும் இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீர் ஒரு மோட்டரையும் நீளக் குழாய்ச் சுருளையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை கொண்டுபோயிருக்கிறீர். சனம் சட்டி பானையை எறிந்துவிட்டுப் போன பாதையில், நீர் உம்முடைய பெட்டி உடுப்பை இறக்கிவிட்டுக் குழாயை ஏற்றினீராம். முள்ளிவாய்க்கால் மணலில் ராசையா அண்ணை ஒரு கிணறு தோண்டினார், ஆழம் போகாமல், நல்ல தண்ணீர் நிற்கும் மட்டத்தோடு. வெட்டவெளி அது. குழாயை இழுத்தால் இளம்பனை வடலிக்கூட்டத்துக்குப் பின்னால், சனம் பதுங்கியிருந்த பங்கர்களுக்குக் கிட்ட, தண்ணீரைக் கொண்டுபோகலாம் என்பது உம்முடைய திட்டம். மண்ணெண்ணெய் ஒரு கான் வைத்திருந்தீர். பெற்றோல் இல்லை.

“ரெண்டு நாளா இழுத்துப் பாத்தோம் தம்பி. நானும் இழுத்தேன், தங்கச்சியும் இழுத்துச்சு, கையெல்லாம் தோல் உரிஞ்சிருச்சு. இழுக்கும், அப்புறம் அந்தக் கொப்பியத் தொறக்கும். எனக்கு எழுத்து தெரியாது, ஆனா வெள்ளப் பக்கம்னா தெரியுமில்ல? ‘அதுல ஒண்ணுமில்லயே தங்கச்சி, ஏன் பாக்கிற’ன்னு கேட்டேன். ‘சும்மா பாக்கிறன் அண்ணை’ன்னுச்சு.”

மூன்றாம் நாள் மோட்டரை விட்டுவிட்டு, வெட்டவெளியில் வரிசை வைத்துக் கையால் அள்ளிக் கொடுத்தீராம். கைப்பிள்ளைக்காரரை முன்னுக்கு விட்டீராம். விடிந்து கொஞ்ச நேரம். ஷெல் வரிசைக்கு நடுவில் விழுந்தது. நீர் வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றீர். உம்மோடு பதினொரு பேர். அந்தக் கிணற்றடியிலேயே உங்களைப் புதைத்துவிட்டு வந்தார்கள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அண்ணை, அந்த மோட்டர் ஓடியிருந்தா?” என்றேன்.

“ஓடியிருந்தா ஷெல்லு பங்கர்கிட்ட விழாம விட்டிருக்குமா தம்பி? அன்னைக்கு எங்கதான் விழல. அத நெனைக்காதீங்க” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். இத்தனை வருஷமாகியும் அந்தச் சரியை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நீர் வெட்டவெளியில் நின்றது தண்ணீருக்கு. தண்ணீர் வடலிக்குப் பின்னால் வராமல் விட்டது என்னால். இதற்குமேல் எனக்குக் கணக்குத் தெரியாது.

கொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். கோடுகள் நீல மையில், கறுப்பு மையில், பென்சிலில், கடைசியில் கரியால் இழுத்தவை. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். கோடுகளுக்குக் கீழே உம்முடைய எழுத்தில் ஒரு வரி இருந்தது. கொப்பியைப் பார்க்க வருகிறவர்கள் நம்பிக்கை விடக்கூடாது என்று எழுதியிருக்கிறீர்:

“பதில் தெரிந்தவர் வவுனியாவில் நிற்கிறார். வந்து செய்து காட்டுவார்.”

என் பெயரைக்கூட நீர் போடவில்லை. என்னைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று நினைத்தீரோ? அல்லது, பதில் எழுதினால்தான் பெயர் என்ற சட்டத்துக்காக விட்டீரோ? நீர் கடைசிவரை என்னை நம்பினீர் ஐசே. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று உமக்குத் தெரிய வேண்டும். மோட்டர் திருத்தப் போகும் இடங்களில் ஒருவரையும் தண்ணீருக்குக் கலைப்பதில்லை. “எல்லாரும் கிட்ட வாங்கோ, வடிவாப் பாருங்கோ” என்றுதான் தொடங்குவேன். சனம் சலித்துப்போய், “அண்ணை, நீங்கள் செய்துவிட்டுப் போங்கோவன், எங்களுக்கு என்னத்துக்கு” என்று சொன்னாலும் விடமாட்டேன். கொம்பனித் தளத்தில் எவ்வளவு முட்டாள் கேள்வி வந்தாலும் அன்றைக்கே பதில் போடுவேன். வாஷரில் எந்தப் பக்கம் மேலே என்றுகூட ஒரு புதுப் பெடியன் கேட்டான். அதற்கும் போட்டேன், எனக்கும் ஒருகாலம் தெரியாது என்று சேர்த்து. இந்த வயதில் ஏன் இப்படி ஓடி ஓடிப் பதில் எழுதுகிறார் என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். ஒன்றை மட்டும் நான் இதுவரை செய்யவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டால் உமக்கும் எனக்கும் இடையில் மிச்சமிருக்கிற ஒரே அலுவலும் முடிந்துவிடும் என்று, திரும்பவும் அதே புத்தி.

இன்று பச்சைச் சரியைக் கண்டபிறகு, அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அலுமாரியைத் திறந்து, கொப்பியை எடுத்து மேசையில் வைத்து எழுதினேன். வலப்புறத்தில், நீர் எனக்காக விட்ட இடத்தில். நீரும் வாசியும்:

“காபரேற்றரின் அடியில் தேங்கி நிற்கும் பழைய மண்ணெண்ணெயை முதலில் வடித்துவிடவும். எல்லோரும் விடுகிற பிழை இதுதான். வெந்நீரில் தோய்த்த துணியைக் காபரேற்றரைச் சுற்றிக் கட்டவும். ஒரு சின்னப் போத்தல் மண்ணெண்ணெயை வெந்நீருக்குள் வைத்து இளஞ்சூடாக்கவும், நெருப்பில் வைக்கக்கூடாது. பிளக்கைக் கழற்றி, மோட்டருக்குத் தள்ளி, தணலில் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கவும். பிளக் இருந்த துவாரத்தில் அரை மூடி சூட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஆறுமுன் பிளக்கைப் பூட்டி, காற்றுவழியை மூடிப் பிடித்துக்கொண்டு இழுக்கவும். இரண்டாம் அல்லது மூன்றாம் இழுவையில் பத்தும்.”

கீழே என் பெயர். பக்கத்தில் ‘செய்து பார்த்தது.’ இந்தமுறை உண்மை.

சிவப்புப் பேனை எப்போதோ காய்ந்துவிட்டது. இன்னும் நூலில்தான் தொங்குகிறது. கையில் எடுத்தேன். பதிலுக்கு எதிரே சரி போடும் இடம் வெறுமையாகக் கிடந்தது. கேள்வி கேட்டவர் மட்டுமே அதைப் போடலாம் என்பது நீர் எழுதிவைத்த சட்டம். பேனையை விட்டுவிட்டுக் கொப்பியை மூடினேன்.